கரிக்காகச் சுற்றிப் போன லாரி

கறுப்பு நாயைப் படம் எடுப்பது மாதிரிக் கஷ்டமான வேலை வேறு இல்லை. ஃபிலிம் காலத்தில் இன்னும் மோசம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பிரிண்டில் மை கொட்டியது போல ஒரு திட்டுதான் வரும். அதில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். முகம் தெரியாத நாயை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்? எங்கள் ஷெட்டுக்கு வரும் வெள்ளை நாய், செம்பட்டை நாய், புள்ளி போட்ட நாய் எல்லாம் வந்த வேகத்தில் யார் கையையாவது பிடித்துக்கொண்டு போய்விடும். கறுப்பு மட்டும் தங்கிவிடும்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் படம். சிரிக்காதீங்க, தோளை நேரா வைங்க, காது தெரியணும். வேலை முடிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோலில் மிச்சமிருக்கும் ஃபிலிமோடு ஷெட்டுக்கு ஓடுவேன். அங்கே யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. காது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஷெட் என்பது என் அண்ணன் லாரி ஓட்டிய கம்பெனியின் பழைய டயர் கிடங்கு. எங்கள் வீட்டுக்கு அடுத்த மனை. தகரக் கூரை, சிமெண்ட் தரை. எவ்வளவு கழுவினாலும் ரப்பர் வாசனை போகாது. இன்றைக்கும் எங்காவது பஞ்சர் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால், அண்ணி எங்கோ பக்கத்தில்தான் பக்கெட்டோடு நிற்கிறாள் என்று ஒரு நொடி தோன்றும்.

அண்ணிக்கு நாய் என்றால் பயம். கல்யாணமாகி வந்த புதிதில், தெருவில் ஒரு நாய் எதிரே வந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓரத்துக்கு மாறிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம்தான் அண்ணன் ஒருநாள் கால் ஒடிந்த ஒரு பெட்டை நாயைத் தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்து, "நான் டிரிப் போயிட்டு வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்று விட்டுப் போனான். அவன் திரும்பி வந்தபோது நாயின் காலில் சுத்தமான கட்டு. அண்ணி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். கட்டுப் போடுவதை அங்கே ஒரு நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஆனால் சாப்பாடு மட்டும் நீளமான கரண்டியில் எட்ட நின்று நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பயமா?" என்று அண்ணன் கேட்டான்.

"பயம் அது பாட்டுக்கு இருக்கு. அதுக்குப் பசிக்குமில்ல?"

அந்த நாயை ஒரு வீட்டில் சேர்த்த கையோடு அடுத்தது வந்தது. அப்புறம் ஊருக்கே தெரிந்துவிட்டது. காலையில் போனால் கேட்டில் ஏதாவது ஒன்று கட்டியிருக்கும். கட்டிவிட்டுப் போனவர்கள் நல்லவர்கள். சாக்கில் போட்டுச் சுவருக்கு மேலாக இறக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. அண்ணி ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, கிழித்து, மடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கை தைத்தாள். எங்கள் நாய்கள் எல்லாம் ஆஸ்பத்திரி முத்திரை மேல் தலை வைத்துத் தூங்கின.

நாயைக் கேட்டு வருகிறவர்களை அவள் விசாரிப்பதுதான் வேடிக்கை. "பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க? வெளியூர் போனா இவன் எங்க இருப்பான்? வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சா? சோபால ஏறினா அடிப்பீங்களா?" ஒருமுறை ஒரு மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குப் பொண்ணு குடுத்தவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்கலம்மா" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றாள் அண்ணி. அவருக்கு நாய் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கரி வந்தான்.

அது அடைமழைக் காலம். அண்ணன் தொலைதூர லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு போக, நடுத்திட்டின் மேல் ஒரு பெரிய கறுப்பு நாய் நனைந்துகொண்டு நின்றதாம். இந்தப் பக்கமும் வர முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல். அண்ணன் லாரியை ஓரங்கட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவன் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டே நாயை நோக்கிப் போக, நாய் அவனைத் தாண்டி ஓடி, திறந்திருந்த கதவு வழியாகத் தாவி ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. அவனுடைய கிளீனர் அந்த மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தான்.

"ஆள் வேணும்னு யாரோ சொல்லி அனுப்பிச்ச மாதிரி வந்து உக்காந்துட்டான்" என்று அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

போய்த் திரும்பும் வரை கரிக்கு அந்த சீட்தான் இடம். மழையில் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தானாம். வண்டி நிற்கும் இடமெல்லாம் அண்ணன், "டேய், எறங்குற எடம் வந்தாச்சு" என்பான். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் கரி குதிப்பான். வேறு யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டான்.

அவன் கழுத்தில் பட்டை கட்டியிருந்த தடம் இருந்தது. யாரோ வளர்த்த நாய். அந்தச் சாலையில் இருந்த பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் அண்ணன் விவரம் எழுதி ஒட்டிவிட்டு வந்தான். யாரும் வரவில்லை. வராததில் அவனுக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி முதலாளி ஷெட்டில் எத்தனை நாய் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றவர். லாரியில் மட்டும் ஒன்றும் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கரி ஷெட்டில் தங்கினான். அண்ணனுடைய லாரி ஹாரனுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டிய குரல். அது எங்கள் காதில் விழுவதற்கு வெகு முன்னாலேயே கரி எழுந்து கேட்டருகே போய் நின்றுவிடுவான். நாங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்போம்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் மெதுவாக ஆரம்பித்தான். "இவன மட்டும் நம்ம வீட்லயே வெச்சுக்கலாமே."

அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. வேற எதையும் கேக்க மாட்டேன்."

"இங்க பாருங்க. ஒண்ணு நம்மளோடதுன்னு ஆயிட்டா, மத்ததெல்லாம் அடுத்தவங்களோடதுன்னு ஆயிடும். அப்புறம் என்னால இந்த ஷெட்டுக்குள்ள ஒழுங்கா நிக்க முடியாது. நீங்க மாசத்துல பாதி நாள் ரோட்ல. இவன் மாசத்துல பாதி நாள் கேட்டு ஓரத்துல. இதுவா ஒரு வீடு?"

அண்ணன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். சண்டையாக இருந்தால் நான் ஏதாவது சொல்லி இருவரையும் சிரிக்க வைத்திருப்பேன். அது சண்டை இல்லை.

கரியைப் படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் திட்டுதான். கடைசியில் ஒரு மதியம், வெளுத்த ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றை வாசலில் வெயிலில் விரித்து அதன் நடுவே அவனை உட்காரவைத்தேன். விரிப்பில் பட்ட வெளிச்சம் கீழேயிருந்து எழும்பி அவன் முகத்தில் விழுந்தது. கேமராவுக்குள் பார்த்தால் அவன் கறுப்பே இல்லை. தேன் நிறக் கண், நெற்றியில் ஒரு சுழி. நான் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தபோது அவன் திடீரென்று கழுத்தை நீட்டினான். இரண்டு காதும் எழுந்தன. அமுக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அந்தத் தொண்டை கட்டிய ஹாரன் கேட்டது.

அதைப் பெரிதாக்கி ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவே வைத்தேன். என் முதலாளி, "மாப்பிள்ளை கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்" என்று விட்டுவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்தான் டெய்லர். கழுத்தில் அளவு நாடா தொங்க, அதைக் கழற்றக்கூட மறந்து நேராகக் கடையிலிருந்தே வந்திருந்தார். தலை நரைக்க ஆரம்பித்த வயது. கூட அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு மடியில் வைத்துக்கொள்கிற மாதிரிச் சின்ன நாய்தான் வேண்டும். வந்ததிலிருந்து குட்டிகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இவன்தான் வேணுங்கறீங்க?" என்று அண்ணி விசாரணையை ஆரம்பித்தாள்.

டெய்லர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தப் படத்துல யாரையோ எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கான், தங்கச்சி. நான் தினமும் அந்த வழியாப் போறேன். என்னத்தானோ என்னமோன்னு வந்துட்டேன்."

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணியும் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணி அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். முன்னால் கடை, பின்னால் வீடு. பகல் முழுக்க இருவரும் அங்கேதான். கொல்லையில் நிழல். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவளுக்குக் குறையாக இருந்தது. அண்ணன் வெளியூரில் இருந்த நேரத்தில் கரியை அனுப்பி வைத்தோம். அண்ணன் திரும்பி வந்த அன்று கேட்டருகே யாரும் நிற்கவில்லை.

"நல்ல எடம்ங்க" என்றாள் அண்ணி.

"சரி" என்றான். அன்று லாரியை வெகுநேரம் கழுவினான். கழுவின இடத்தையே கழுவினான்.

சில நாளில் கரி தானே வந்து நின்றான். டெய்லர் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து கூட்டிப் போனார். மறுபடியும் ஓடி வந்தான். மறுபடியும் டெய்லர் வந்தார், சட்டை முழுக்க நூல் ஒட்டிக்கொண்டிருக்க. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க அண்ணே, உங்களுக்கு வேற நல்ல நாயாப் பாத்துத் தரேன். உங்க வீட்டம்மா ஆசைப்பட்ட மாதிரி சின்னதா."

டெய்லர் தலையை ஆட்டினார். "என் வீட்டுக்கு வந்துட்டு, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்கான். சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போறதுதானே முறை? இன்னொருத்தனப் பாத்துக்கறேன்னா நல்லாவா இருக்கும்?"

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் கரி ஏன் ஓடி வருகிறான் என்பது அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. என்னிடம், "ஒருவேளை மெஷின் சத்தம் புடிக்கலையோ?" என்றாள்.

பிடிபட்டது அடுத்த வாரம். அண்ணன் லோடோடு ஊருக்குள் வந்துகொண்டிருந்தான். கடைத்தெரு வளைவில் வழக்கம்போல ஹாரன் அடித்தான். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏதோ கறுப்பாக அசைந்தது. பார்த்தால், வண்டிகளுக்கு நடுவே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரி ஓடி வருகிறான். எதிரே ஒரு பஸ். அண்ணன் பிரேக்கை மிதித்தான். பஸ்காரரும் மிதித்தார். சக்கரத்துக்கும் கரிக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கரிக்கு அதெல்லாம் தெரியாது. லாரிக் கதவுக்குக் கீழே வந்து நின்று, கிளீனர் சீட்டைப் பார்த்து வாலை ஆட்டினான்.

டெய்லர் கடை இருந்தது அந்த வளைவில்தான். "எல்லாக் கேள்வியும் கேட்டேன். எந்த ரோட்ல உங்க லாரி போகும்னு மட்டும் யோசிக்கல" என்று அண்ணி அன்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பேசாம கூட்டிட்டு வந்துடுங்க. நானே சொல்றேன். வெச்சுக்கலாம்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கேட்டது கிடைத்துவிட்டது.

"அந்த டெய்லர் மனுஷன் அவன் பின்னாலயே ரோட்ல செருப்பில்லாம ஓடி வந்தாரு" என்றான். "பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்து எந்திரிச்சு வந்து, என் கதவுகிட்ட நின்னவனத் தூக்கிக்கிட்டாரு. என்னால அவருகிட்ட போயி, குடுங்கன்னு கேக்க முடியாது."

மறுநாள் அண்ணன் லீவு போட்டான். காலையிலேயே டெய்லர் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் கூடப் போயிருந்தேன். கரிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்து, முகத்தை நக்கி, ஓய்ந்து, அவன் பாதத்தின் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டான். டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவருக்குக் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் நூலை ஊசியில் கோத்துக் கொடுத்தான். இருவரும் ஊர்க் கதை பேசினார்கள். அந்த அம்மா சாப்பாடு போட்டார். சாப்பிட்டுவிட்டு அண்ணன் கடை ஓரத்திலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தான். இது பயப்பட வேண்டிய இடமில்லை, நான்கூட இங்கே தூங்குவேன் என்று கரிக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. விழித்ததும், கையோடு கொண்டுவந்திருந்த தன் பழைய காக்கிச் சட்டை ஒன்றை டெய்லரிடம் கொடுத்தான். அவர் அதை வெட்டி, பஞ்சடைத்து, அப்போதே ஒரு மெத்தையாகத் தைத்து வெட்டு மேஜைக்கு அடியில் போட்டார்.

வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணன் எழுந்தான். கரியும் எழுந்தான். அண்ணன் குனிந்து அவன் நெற்றிச் சுழியில் கட்டைவிரலை வைத்து, அந்த மெத்தையைக் காட்டி, "டேய், எறங்குற எடம் வந்தாச்சு" என்றான்.

கரி அண்ணனைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான். பிறகு போய் அதில் உட்கார்ந்தான். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தோம்.

அதற்குப் பிறகு அண்ணன் ஊருக்குள் வரும் வழியை மாற்றிவிட்டான். ஊரைச் சுற்றிக்கொண்டு ஒரு பைபாஸ் அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி தார், பாதி செம்மண். அந்தக் குண்டு குழியில் லோடு லாரியை ஓட்டிக்கொண்டு வருவான். ஊர் எல்லைக்குள் ஹாரன் அடிப்பதையும் விட்டுவிட்டான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து அண்ணி தெரிந்துகொண்டாள். அவளும் கேட்கவில்லை. அவன் தாமதமாக வரும் நாட்களில் எல்லாம் சாப்பாட்டை ஒருமுறை கூடுதலாகச் சூடு பண்ணுவாள், அவ்வளவுதான்.

கரி திரும்பி வரவே இல்லை.

நான் துணி தைக்கக் கொடுக்கும் சாக்கில் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். தேவையில்லாமல் எத்தனையோ ரவிக்கை தைத்துக்கொண்டது அப்போதுதான். கரி கொழுத்துப்போனான். உடம்பு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். சின்ன நாய் கேட்ட அந்த அம்மா, அவனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். "கத்திரிக்கோல எங்கடா வெச்சேன்? முழிக்காத, சொல்லு." வீட்டுக்கு வந்து நான் இதையெல்லாம் அண்ணியிடம் உரக்கச் சொல்வேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பான். நான் நிறுத்தினால் துடைப்பதும் நின்றுவிடும்.

வருஷங்கள் போயின. ஷெட்டுக்கு எத்தனையோ வந்தன, போயின. இன்ஸ்பெக்டர் மாதிரி விறைப்பாக நடந்த ஒன்று, பூனையோடு மட்டுமே சாப்பிட்ட ஒன்று, எல்லாரையும் வழியனுப்பிவிட்டுக் கடைசியாகப் போன ஒரு குருட்டுக் கிழம். அண்ணிக்குப் பயம் எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கரண்டி மட்டும் காணாமல் போயிருந்தது.

ஒருநாள் அண்ணி அண்ணனிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்களுக்கு ஒரு சட்டை தைக்கக் குடுத்திருக்கேன். போய் வாங்கிட்டு வாங்க."

"எங்க?"

"டெய்லர்கிட்டதான். வேற எங்க குடுப்பாங்க சட்டைய?"

அண்ணன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தலையை வாரிக்கொண்டு போனான். லாரியில் இல்லை, நடந்தே போனான்.

அவன் வரும் வரை அண்ணியால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. எடுத்த பாத்திரத்தையே எடுத்து வைத்தாள். அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

"மூஞ்சியெல்லாம் நரைச்சுப்போச்சு" என்றான். "படுத்திருந்தான். என்னப் பாத்ததும் எந்திரிச்சு வந்தான். கைய மோந்தான், பேண்ட்ட மோந்தான். அப்புறம் முட்டில தலைய வெச்சுக்கிட்டு நின்னான், கொஞ்ச நேரம். வெளிய ஏதோ லாரி ஹாரன் அடிச்சுது. திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அந்தம்மா உள்ளேருந்து தட்டத் தட்டினாங்க. சாப்பிடப் போயிட்டான்."

அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்கள மறந்துட்டானா?"

"ச்சே, மறக்கல." அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "தெரிஞ்சவங்க வந்தா நாம எந்திரிச்சு வந்து, நல்லாருக்கீங்களான்னு கேட்டுட்டு, அப்புறம் நம்ம வேலையப் பாக்கப் போறோமில்ல? அந்த மாதிரி."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பொட்டலத்தைப் பிரித்துப் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தான். தோள் சரியாக இருந்தது. அண்ணி பின்னால் நின்று இழுத்துவிட்டாள். முட்டிக்குக் கீழே அவன் பேண்டில் கறுப்பும் வெள்ளையுமாக முடி ஒட்டியிருந்தது. அண்ணி குனிந்து தட்டிவிடப் போனாள்.

"இருக்கட்டும் விடு" என்றான்.

அதற்கு அடுத்த டிரிப்பிலிருந்து அவன் பைபாஸில் வரவில்லை. கடைத்தெரு வழியாகவே வந்தான், வளைவில் ஹாரனும் அடித்துக்கொண்டு. எங்களுக்குத்தான் அது கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் நாள் அந்தச் சத்தம் வந்தபோது அண்ணி அடுப்பைக்கூடப் பற்றவைத்திருக்கவில்லை.